பழவேற்காட்டுக்கும் பூண்டிக்கும் எந்த டயர்? வடசென்னையிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து பழவேற்காட்டுக்கு முதல் தடவை சைக்கிளில் போனபோது என் வண்டியில் இருந்தது 28 மில்லிமீட்டர் அகல ரோடு டயர். மீஞ்சூர் வரை பறந்தேன். பொன்னேரி தாண்டியதும், சவுக்குத் தோப்பு வழியாகக் குறுக்கே போனால் தூரம் குறையுமே என்று இறங்கினேன். முன்சக்கரம் மணலில் கத்தி மாதிரி இறங்கி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் பின் டயரில் காற்று இல்லை. அதை ஒட்டி முடித்து ஒரு கிலோமீட்டர் போவதற்குள் முன் டயரும் போனது. கையில் இருந்த சின்னப் பம்பும் அன்றைக்குப் பார்த்து மக்கர் செய்தது. வழியில் இருந்த பஞ்சர் கடைக்காரர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா தம்பி இது, வாலு ஊசி மாரி கீது? நம்ம பம்பு இதுக்குப் புடிக்காதே" என்றார். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த குட்டி யானை ஒன்றில் சைக்கிளை ஏற்றித்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

டயரின் அகலம் தப்பு, முள்ளுக்குத் தடுப்பு இல்லை, வால்வு அந்த ஊருக்கு ஒத்துவரவில்லை. மூன்றில் ஒன்றுக்கும் டயரின் பட்டனோடு, அதாவது தரையைத் தொடும் பகுதியில் புடைத்திருக்கும் ரப்பர் மொட்டுகளோடு, சம்பந்தமில்லை. ஆனால் பாதி ரோடு, பாதி மண்பாதை என்று பயணம் போட்டு டயர் வாங்கக் கிளம்பும் புதியவர்கள் கடையில் முதலில் தடவிப் பார்ப்பது பட்டனைத்தான். என் கணக்கில் அது கடைசி. அதனால் வரிசையை மாற்றிச் சொல்கிறேன்.

முதலில் பாதையை எழுதுங்கள்

டயர் கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, போகப்போகும் வழியைத் தரை வாரியாக எழுதுங்கள். ஊர்ப் பெயர் போதாது, அங்கே கீழே என்ன கிடக்கிறது என்பது வேண்டும். நான் வழக்கமாகப் போகும் இரண்டு நாள் சுற்றையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு. மறுநாள் பொன்னேரிக்குத் திரும்பி, தச்சூர் கூட்டு ரோடு, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, அங்கிருந்து பூண்டி, பிறகு திருவள்ளூர் வழியாக வீடு.

எண்ணூர் வரை தார்தான். ஆனால் கன்டெய்னர் லாரிகள் ஓடும் தார். ஓரத்தில் மணல், நட்டு போல்ட்டு, எல்லாவற்றையும்விட மோசமாக, வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த முடி போன்ற எஃகுக் கம்பி. அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்கள் மழை நாளில் வழுக்கும். மீஞ்சூர், பொன்னேரி வயல் பக்கம் களிமண். பழவேற்காட்டை நெருங்கினால் மணல். பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒட்டுப்போட்ட கிராமத்து ரோடும் செம்மண் தடமும். கிருஷ்ணா நீர் வரும் கால்வாய், ஊத்துக்கோட்டை அருகே அது தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஜீரோ பாயின்ட்டிலிருந்து பூண்டி வரை சுமார் 25 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் கரையில் ஓட்டக் கிடைக்கிற இடங்களில் மண்ணும் சரளையும் கலந்திருக்கும். (யாராவது நிறுத்தினால் வாதாடாமல் ரோட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அது நம் பாதையில்லை, நீருக்கான பாதை.)

எழுதிப் பார்த்தால் தெரியும்: பத்தில் எட்டுப் பங்கு தார். மண் கொஞ்சம், மணல் அதைவிடக் கொஞ்சம். முள் மட்டும் எல்லா இடத்திலும். உங்கள் பாதை இப்படியில்லாமல் பாதிக்குப் பாதி மண்ணாக இருந்தால், கீழே நான் சொல்லும் அகலத்தோடு ஐந்தாறு மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்

பழைய டயரின் பக்கச் சுவரைத் துடைத்துப் பாருங்கள். 40-622 என்பது போல ஒரு எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இந்த இரண்டாவது எண் ஒத்துப்போகாவிட்டால் டயர் ஏறவே ஏறாது. 700சி என்று விற்பதும், 29 இன்ச் என்று விற்பதும் இரண்டுமே 622தான். 27.5 இன்ச் என்பது 584.

வம்பு 26 இன்ச்சில் இருக்கிறது. மலைச் சைக்கிளுக்கான 26 × 1.95, 26 × 2.1 போன்ற புள்ளி வைத்த அளவுகள் 559. பின்னம் போட்ட 26 × 1⅜ என்பது 590. இரண்டும் '26' தான், ஒன்றின் ரிம்மில் மற்றது நிற்காது. என் நண்பன் ஒருவன் புறப்படுவதற்கு முந்தின நாள் இரவு இதைக் கண்டுபிடித்தான். கடையில் "இருபத்தாறு குடுங்க" என்று மட்டும் கேட்காமல், அந்த மூன்று இலக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, உங்கள் வண்டி எவ்வளவு அகலத்துக்கு இடம் தரும் என்று பாருங்கள். ஃபோர்க், பின்பக்கக் குழாய்கள், பிரேக், மட்கார்டு, இந்த நான்கிலும் எது டயருக்கு மிக நெருக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். டயரைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். களிமண் உள்ள பாதையென்றால் அதைவிடக் கூடுதலாக இருந்தால் நல்லது. ஈரக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு ஃபோர்க்கை அடைத்தால் சக்கரம் சுற்றாது, குச்சியை எடுத்துச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ரிம் லேசாகக் கோட்டம் விழுந்தாலும் இந்த இடைவெளிதான் காப்பாற்றும். டயரில் எழுதிய அகலமும் பூட்டிய பிறகு வரும் அகலமும் ரிம்மைப் பொறுத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசப்படும், அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அகலம்: 38 முதல் 45 வரை

மெல்லிய டயர் வேகம், அகல டயர் இழுவை என்று நினைப்பது நல்ல வழவழ ரோட்டில் பாதி உண்மை. மோசமான ரோட்டில் அதுவும் இல்லை. காற்றை இறுக அடித்த மெல்லிய டயர் ஒவ்வொரு குழியிலும் உங்களையும் பையையும் தூக்கித் தூக்கிப் போடும். அப்படித் தூக்கிப் போடுவதற்கான சக்தியும் உங்கள் காலிலிருந்துதான் போகிறது. அகல டயரில் காற்றைக் குறைத்து ஓட்ட முடியும். அது சிறு மேடு பள்ளத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும்.

மேலே சொன்ன மாதிரிப் பாதைக்கு 38 முதல் 45 மில்லிமீட்டர் போதும். உங்கள் வண்டியில் 35தான் போகுமென்றால் அதிலும் போகலாம், மணலில் மட்டும் இறங்கித் தள்ளுங்கள். 32க்குக் கீழே என்றால் மண்பாதையை மறந்துவிட்டு ரோட்டிலேயே போவது மரியாதை. 50க்கு மேல் போட்டால் மணலில் சுகம்தான். ஆனால் எதிர்க்காற்றில் எண்ணூர் ரோட்டில் திரும்பும்போது, இரண்டு ரப்பர் மூட்டைகளைச் சேர்த்து இழுப்பது போல இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. நம் தாத்தாக்கள் ஓட்டிய கறுப்புக் கட்டை சைக்கிளின் டயர் 28 × 1½, அதாவது 40-635. இன்று 'கிராவல்' என்று பெயர் சூட்டிப் பெரிய விலைக்கு விற்கும் அதே 40 மில்லிமீட்டர் அகலம். பின் கேரியரில் மீன் கூடையும் ஐஸும் கட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்ளூர்களுக்குப் போனவர்களின் டயர் அது. தாரும் மண்ணும் கலந்த பாதைக்கு என்ன அகலம் என்ற கேள்விக்கு விடை எப்போதோ நம் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வண்டியே உங்களிடம் நல்ல நிலையில் இருந்தால் புது வண்டி வாங்கத் தேவையில்லை. ஓவராயில் செய்து, இரண்டு டயரையும் மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

முள்

இதற்குத்தான் அதிக யோசனையும் பணமும் செலவழிக்க வேண்டும்.

வடசென்னையைத் தாண்டினால் திருவள்ளூர் மாவட்டம் முழுக்க வேலிக்காத்தான். சீமைக்கருவேலம் என்றும் சொல்வார்கள். அதன் காய்ந்த முள் ஆணிக்குச் சமம். ஏரிக்கரையை ஒட்டி விறகு வெட்டிய இடங்களில் முள் கிளை தடத்தின் மேலேயே கிடக்கும். அடுத்தது நெருஞ்சி. தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சள் பூ பூக்கிற அந்தக் கொடியின் காய், எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிமிர்ந்து நிற்கும் அமைப்பில் இருக்கிறது. சாலையோரம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள்தான் அதில் அதிகம் மாட்டுகிறார்கள். தாரை விட்டு இறங்கி நிறுத்தும்போது கீழே பாருங்கள். சந்தேகமாக இருந்தால் வண்டியைத் தூக்கி வையுங்கள். மூன்றாவது, முன்பு சொன்ன லாரி டயர்க் கம்பி. அது உள்ளே போனதே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காற்று இறங்கும்.

இவற்றுக்கு எதிராக, டயரின் ஓடுபகுதிக்கு அடியில் தடுப்புப் பட்டை வைத்துச் செய்கிறார்கள். சிலவற்றில் நெருக்கமாக நெய்த நைலான் அல்லது அராமிட் துணி இருக்கும். அராமிட் என்றால் கெவ்லார் வகை இழை. வேறு சிலவற்றில் சில மில்லிமீட்டர் தடிமனில் ரப்பர் மெத்தை இருக்கும். துணிப் பட்டை கண்ணாடிச் சில்லையும் சிறு கல்லையும் தடுக்கும். நீள முள்ளுக்கு ரப்பர் மெத்தை மேல், ஏனென்றால் முள் முனை டியூபைத் தொடுவதற்கு முன்பே தூரம் தீர்ந்துவிடும். ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் வரிசை இந்த மெத்தை வகைக்குப் பேர் போனது. நம் ஊர்த் தயாரிப்புகளிலும் 'பஞ்சர் தடுப்பு' என்று போட்டவை கிடைக்கின்றன. எதுவானாலும் கடையில் டயரின் நடுவை இரண்டு விரலால் அழுத்தி மடக்கிப் பாருங்கள். தாள் போல மடங்கினால் அது வேலிக்காத்தான் ஊருக்கு ஆகாது.

இதற்கு விலை எடைதான். தடித்த தடுப்பு உள்ள 40 மில்லிமீட்டர் டயர் ஒன்று முக்கால் கிலோவைத் தொடலாம். லேசான வகை அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதல். ஏறி மிதிக்கும்போது கனம் தெரியும். எனக்கு அந்தக் கனம் பரவாயில்லை. மதியம் ஒரு மணி வெயிலில் மரநிழல் இல்லாத வரப்பில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிப் பாருங்கள், உங்களுக்கும் பரவாயில்லாமல் போகும்.

டயர் பற்றிப் பேசும்போது இன்னொன்று. நாம் புறப்படும் வழியிலேயே திருவொற்றியூரில்தான் எம்.ஆர்.எஃப். 1946இல் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது. நம் பக்கத்து ஆட்களுக்கு ரப்பர் புதிதில்லை.

பட்டன்

இனி பட்டனுக்கு வருவோம். காரில் டயரின் கோடுகள் நீரை வெளியேற்றுவதற்காக. அகலமான டயர் வேகமாக ஓடும்போது தண்ணீர் மேல் மிதந்துவிடக் கூடாதல்லவா! சைக்கிள் டயர் குறுகல், சைக்கிள் ஓடுகிற வேகத்தில் அந்த ஆபத்து இல்லை. ஈரத் தாரிலும் வழுவழுப்பான டயர் நன்றாகவே பிடிக்கும். பிடிப்பைத் தருவது ரப்பரின் தரமும் சரியான காற்றும். பெரிய பட்டன் வைத்த டயர் தாரில் 'உர்ர்' என்று உறுமும், காலை இழுக்கும், சீக்கிரம் தேயும்.

பத்தில் எட்டுப் பங்கு தாரென்றால் நடுவில் வழுவழுப்பாகவோ மெல்லிய வரிகளோடோ, இரண்டு ஓரத்திலும் சின்னப் பட்டன்களோடு இருக்கும் டயரை எடுங்கள். நேராக ஓடும்போது நடுப்பகுதி உருளும். செம்மண்ணில் வளையும்போது ஓரம் கடிக்கும். உலர்ந்த மணலில் எந்தப் பட்டனும் பெரிதாக உதவாது, அங்கே அகலமும் குறைந்த காற்றும்தான். ஈரக் களிமண்ணிலோ பட்டன் பெரிதாக இருந்தாலும் மண் அப்பி ஐந்து நிமிடத்தில் மொட்டையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் வழிப் பாதையை விட்டுவிடுங்கள். தை, மாசியில் போங்கள்.

டியூபும் வால்வும்

டியூப்லெஸ் நல்லதுதான். உள்ளே ஊற்றும் பால் போன்ற திரவம் சிறு முள் ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலில் அந்தத் திரவம் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். ரிம்மும் டயரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் கைப்பம்பில் திரும்ப உட்கார வைப்பது பெரும்பாடு. முதல் பயணத்துக்கு டியூபே போதும்.

வால்வில் மூன்று வகை. பழைய சைக்கிளில் உள்ளது வால் டியூப் போடுகிற வகை. ரோடு பைக்கில் வருவது ஊசி போன்ற பிரெஸ்டா. மோட்டார் சைக்கிளில் இருப்பது ஷ்ரேடர். உங்கள் ரிம்மின் ஓட்டை ஷ்ரேடர் நுழையும் அளவு இருந்தால் அதையே போடுங்கள். எந்த பைக் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். பிரெஸ்டாதான் என்றால் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கி, ஒன்றை வால்வின் மேலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள். பையில் இன்னொன்று. சின்ன சாமான், தொலைந்துவிடும். கம்ப்ரஸரில் அடிக்கும்போது "கொஞ்சம் கொஞ்சமா விடுங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லாரிக்கு அடிக்கிற கை அது, ஒரே மூச்சில் டியூப் வெடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு மாற்று டியூப், ஒட்டும் பட்டி, சொல்யூஷன், உப்புத்தாள், டயர் கழற்றும் லீவர், வீட்டிலேயே அடித்துச் சோதித்த பம்பு. பழைய டயரிலிருந்து நான்கு விரல் அகலத் துண்டு ஒன்றும் வெட்டி வையுங்கள். டயரே கிழிந்தால் உள்ளே வைத்து ஊர் வந்து சேரலாம். பஞ்சர் ஒட்டும் முன் டயரின் உட்புறத்தை ஒரு பஞ்சால் சுற்றித் துடையுங்கள். முள் முனை எங்கே இருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். இதைச் செய்யாமல் டியூபை மட்டும் மாற்றினால், அதே முள் புது டியூபையும் குத்தும். என் முதல் பயணத்தில் ஒட்டிய டியூபோடு மல்லுக்கட்டி நேரம் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்று

நல்ல டயரையும் கெடுப்பது தப்பான காற்று. டயரில் எழுதியிருக்கும் எண் அதிகபட்ச அளவு. அந்த அளவுக்கு அடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நீங்கள், சைக்கிள், பை மூன்றும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 40 மில்லிமீட்டர் டயருக்குப் பின்னால் 45 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு), முன்னால் 40 என்று தொடங்குங்கள். டயர் 35 மில்லிமீட்டர் என்றால் பின்னால் 55, முன்னால் 48. 47, 50 என்றால் பின்னால் 35, முன்னால் 30. பாரம் பத்து கிலோ கூடினால் காற்றில் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். பை முழுவதும் பின் கேரியரில் தொங்கினால் பின்னால் இன்னும் கொஞ்சம். இதெல்லாம் தொடக்கம்தான், பிறகு உங்கள் கையும் இடுப்பும் சொல்லும்.

அளவுக்கு மேல் குறைத்தால், குழியில் விழும்போது டியூப் ரிம்மின் இரண்டு விளிம்புக்கும் இடையே நசுங்கி, பல் பதிந்தது போல அடுத்தடுத்து இரண்டு கீறல் விழும். முள் குத்தினால் ஒரு ஓட்டை, இப்படி நசுங்கினால் இரண்டு. டியூபைப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம். இரண்டு கீறல் என்றால் டயரைக் குறை சொல்லாதீர்கள், காற்றைக் கூட்டுங்கள்.

பழவேற்காட்டு மணலில் 40 மில்லிமீட்டர் டயரின் காற்றை 30 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் வித்தியாசம் உடனே தெரியும். தாருக்கு வந்ததும் மறக்காமல் அடித்துவிடுங்கள். வெயிலில் டயர் சூடானால் வெடித்துவிடும் என்று பயந்து பாதிக் காற்றைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் 45 பி.எஸ்.ஐ. டயரில் ஏறுவது சுமார் 2 பி.எஸ்.ஐ. அதற்குப் பிடுங்க வேண்டியதில்லை. வண்டியை மட்டும் நிழலில் நிறுத்துங்கள், உட்காரும்போது உங்களுக்கும் நல்லது.

பூட்டுவதும் சோதிப்பதும்

டயரின் பக்கச் சுவரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதன்படி பூட்டுங்கள். டியூபில் லேசாகக் காற்று விட்டு, முறுக்கில்லாமல் உள்ளே வைத்து, கடைசிப் பகுதியைக் கையாலேயே ஏற்றப் பாருங்கள். லீவரைப் போட்டு நெம்பினால் புது டியூப் அங்கேயே கிழியும். முழுக் காற்று அடிக்கும் முன் இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள், டியூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாவது டயரை மாற்றிவிடுங்கள். அதே பையை, அதே கனத்தோடு கட்டிக்கொண்டு, விடியற்காலையில் எண்ணூர் வரை போய் வாருங்கள். லாரி நெரிசல் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். அன்று இரவு டயரை அழுத்திப் பார்த்து வைத்து, காலையில் மறுபடி அழுத்துங்கள். மெத்தென்று இருந்தால் எங்கோ ஒரு கம்பி குத்தியிருக்கிறது என்று அர்த்தம்.

திரும்பி வந்த பிறகு பின் டயர்தான் முதலில் தேய்ந்திருக்கும். புதிது வாங்கும்போது அதை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னுக்கு மாற்றுங்கள். ஓட்டத்தில் முன் டயர் வழுக்கினால்தான் ஆள் கீழே.